விண்டோஸ் இல்லாத கணினியில் விண்டோஸ் விளையாட்டு

2022 பிப்ரவரி 25 அன்று ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 'எல்டன் ரிங்' விளையாட்டை வெளியிட்டது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த விளையாட்டு அது. வெளிவந்த கையோடு, கணினியில் விளையாடியவர்கள் பலரிடமிருந்தும் ஒரே புகார் வந்தது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. புதிய இடத்துக்குள் நுழைந்தால் திரை ஒரு கணம் உறைந்து நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் எதிரியின் வாள் இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ அதே நாட்களில்தான் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கணினியை வாங்கியவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 7 அங்குலத் திரை. அப்போதைய தொடக்க விலை 399 டாலர். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம்தான். எல்டன் ரிங்குக்கு லினக்ஸ் பதிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தச் சின்னக் கருவியில் எல்டன் ரிங் ஓடியது. படத்தின் நுணுக்கம் குறைவுதான். ஆனால் விண்டோஸில் எல்லோரையும் வாட்டிய அந்தத் திக்கல் அதில் பெருமளவு இல்லை.

விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட ஒரு நிரல், விண்டோஸே இல்லாத கணினியில், விண்டோஸைவிடச் சீராக ஓடியது எப்படி? முப்பது ஆண்டு உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. விளையாட்டு நமக்கு எதற்கு என்று ஒதுக்குகிறவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய உழைப்பு அது. ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்தோடு கட்டுண்டு கிடக்கும் மென்பொருளை அந்தக் கட்டிலிருந்து அவிழ்க்க முடியுமா என்ற கேள்வி வங்கிக்கும் உண்டு, அரசு அலுவலகத்துக்கும் உண்டு. அதற்கான மிகக் கடினமான தேர்வு விளையாட்டில்தான் நடந்தது.

கணினியின் மூளையான சிபியுவுக்கு விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் வேறுபாடு தெரியாது. எல்டன் ரிங்கின் நிரல்கோப்புக்குள் இருப்பவை இன்டெல், ஏஎம்டி சிபியுக்கள் நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகள். இந்த எண்ணையும் அந்த எண்ணையும் கூட்டு, விடையை அங்கே வை என்பது போன்றவை. லினக்ஸிலும் அவை அப்படியே, அதே வேகத்தில் ஓடும். விளையாட்டு தனக்கு வெளியே எதையாவது கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இந்தக் கோப்பைத் திற, இந்த ஒலியை எழுப்பு, திரையில் இந்த முக்கோணத்தை வரை என்று கேட்பதற்கு விண்டோஸில் ஆயிரக்கணக்கான செயற்கூறுகள் பெயரோடு இருக்கின்றன. லினக்ஸில் அந்தப் பெயர்கள் கிடையாது. 'வைன்' என்ற கட்டற்ற மென்பொருள் அந்தச் செயற்கூறுகளைத் தானே புதிதாக எழுதி வைத்திருக்கிறது. விளையாட்டிடமிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, லினக்ஸுக்குத் தெரிந்த கோரிக்கையாக்கி அனுப்புகிறது. விடையை விண்டோஸ் சொல்வதுபோலவே திருப்பிச் சொல்கிறது.

ஓர் உதாரணத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் எல்டன் ரிங்குக்கு 1245620 என்று ஓர் எண் உண்டு. லினக்ஸ் கணினியில் அதை நிறுவி ஒருமுறை ஓட்டியதும், ஸ்டீமின் கோப்புறைகளுக்குள் அந்த எண்ணின் பெயரில் ஒரு கோப்புறை பிறக்கிறது. அதற்குள் இன்னும் இறங்கிப் போனால் 'டிரைவ்_சி' என்று ஒன்று இருக்கும். திறந்து பாருங்கள்: விண்டோஸ் கணினியின் சி டிரைவ் அச்சு அசலாக அங்கே இருக்கும். 'விண்டோஸ்' கோப்புறை, 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறை, 'யூசர்ஸ்' என்பதற்குள் 'ஸ்டீம்யூசர்' என்ற பெயரில் ஒரு பயனர். விளையாட்டு தன் சேமிப்புக் கோப்பை, விண்டோஸில் எந்த இடத்தில் எழுதுமோ அதே இடத்தில்தான் எழுதுகிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இப்படித் தனித்தனி சி டிரைவ். ஒரு விளையாட்டுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது.

இதற்குள்ளும் நுணுக்கமான தொல்லைகள் உண்டு. விண்டோஸில் கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். லினக்ஸில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். விளையாட்டை எழுதியவர் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் ஒரே பெயரை எழுதியிருப்பார். விண்டோஸில் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. லினக்ஸில் கோப்பு கிடைக்காமல், கோப்புறை முழுவதையும் துழாவி, எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பொருந்தும் பெயரை வைன் தேடியெடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறக்கும் விளையாட்டுக்கு இது பெரும் சுமை. கடைசியில் 2019-இல், லினக்ஸின் மையக்கருவான கர்னலின் 5.2 பதிப்பில், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமைக்கே எழுத்து வேறுபாடு பார்க்காமல் தேடும் வசதியைச் சேர்த்தார்கள். உலகத்துச் சர்வர்களின் முதுகெலும்பாக இருக்கும் கர்னல், விளையாட்டுகளின் தேவைக்காகவும் வளைந்து கொடுத்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த நிகழ்வுகளில் இது ஒன்று.

வைன் 1993-இல் தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை வழிநடத்தி வருகிறார். 1.0 என்ற எண்ணைத் தாங்கிய பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது, பதினைந்து ஆண்டுகள் கழித்து! மைக்ரோசாஃப்ட்டின் மூலநிரலைப் பார்க்காமலே, வெளியிலிருந்து அதன் நடத்தையைக் கவனித்துக் கவனித்து எழுத வேண்டிய வேலை அது. ஆவணத்தில் உள்ளதை மட்டும் எழுதினால் போதாது. விண்டோஸின் பிழைகளையும் அப்படியே எழுத வேண்டும், ஏனென்றால் சில நிரல்கள் அந்தப் பிழைகளை நம்பித்தான் ஓடுகின்றன.

இதற்கிடையே இன்னொரு வழியையும் முயன்று பார்த்தார்கள். விளையாட்டையே லினக்ஸுக்காக மாற்றி எழுதுவது. 1998-இல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர் நிறுவனம் அதைத்தான் செய்தது. 2002 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அங்கே வேலை செய்த சாம் லன்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் நூலகம் மட்டும் இன்றுவரை எண்ணற்ற விளையாட்டுகளில் உயிரோடு இருக்கிறது. லினக்ஸ்காரர்கள் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்று சொல்வது உண்மையல்ல. 2010-இல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்ற பெயரில், விரும்பிய விலை கொடுத்து வாங்கலாம் என்று சில விளையாட்டுகளை விற்றபோது, லினக்ஸ் பயனர்கள் சராசரியாகக் கொடுத்த தொகை விண்டோஸ் பயனர்கள் கொடுத்ததைவிட அதிகம். ஆனால் தலைக்கணக்கு குறைவு. ஒரு சதவீதம் பேருக்காகத் தனிப் பதிப்பு எழுதி, சோதித்து, வருடக்கணக்கில் பராமரிக்க எந்த நிறுவனம் முன்வரும்?

திருப்பம் கடை பக்கத்திலிருந்து வந்தது. வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம்' 2003 செப்டம்பரில் தொடங்கி, கணினி விளையாட்டு விற்பனையில் முதலிடத்துக்கு வளர்ந்த கடை. விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் பொதுவாக 30 சதவீதம் அதற்கு. 2012-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-ஐக் கொண்டுவந்தபோது, அதற்குள்ளேயே சொந்தக் கடை ஒன்றையும் வைத்தது. வாடகை இடத்தில் கடை நடத்துகிறவருக்கு, கட்டட உரிமையாளர் வாசலிலேயே அதே வியாபாரத்தைத் தொடங்கினால் எப்படி இருக்கும்? மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து வால்வைத் தொடங்கியவர்களில் ஒருவரான கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினித் துறை முழுவதற்கும் பேரிடர் என்று அந்த ஆண்டு ஜூலையில் வெளிப்படையாகச் சொன்னார். 2013 பிப்ரவரி 14-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்ட்டில் வால்வ் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தது. 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டு லினக்ஸில் முதலில் நொடிக்கு 6 ஃபிரேம் மட்டுமே ஓடியது. மெருகேற்றிய பின் 315 ஃபிரேம். அதே கணினியில் விண்டோஸ் 7-இல் 270 சொச்சம்.

வேகம் இருந்தும் விளையாட்டுகள் வரவில்லை. 2015 நவம்பரில் லினக்ஸ் வைத்து விற்பனைக்கு வந்த 'ஸ்டீம் மெஷின்' பெட்டிகள் தோற்றுப்போயின. எல்லோரும் எழுதித் தருவார்கள் என்று காத்திருந்ததுதான் அந்தத் தோல்விக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்த முன்னேற்றம் 2016-இல் வந்தது. பல நிறுவனங்கள் சேர்ந்த க்ரோனோஸ் குழுமம் 'வல்கன்' என்ற புதிய கிராபிக்ஸ் இடைமுகத்தை வெளியிட்டது. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் படம் வரைய மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்3டி-யைப் பயன்படுத்துபவை. வைன் அதை நெடுநாளாக ஓப்பன்ஜிஎல் என்ற பழைய இடைமுகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஓப்பன்ஜிஎல் பல முடிவுகளை, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவரிடமே விட்டுவிடும். டிரைவர் எப்போது எதை ஊகிக்கும் என்று தெரியாது. மாற்றும் வேலை மெதுவாகவும் ஓட்டை உடைசலாகவும் இருந்தது. வல்கனிலோ, நினைவகத்தை எங்கே ஒதுக்குவது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை எல்லாம் நிரல் எழுதுகிறவரே சொல்லலாம். இப்படி எல்லாவற்றையும் கையில் கொடுக்கும் இடைமுகத்தின் மேல் இன்னோர் இடைமுகத்தைக் கட்டுவது எளிது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிலிப் ரெபோலே என்ற நிரலாளர் 'நியர்: ஆட்டோமேட்டா' விளையாட்டை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்டார். விளையாட்டு டைரக்ட்3டி 11-இல் எழுதப்பட்டது. வைனில் சரியாக ஓடவில்லை. 2017-இல் அவரே டைரக்ட்3டி 11-ஐ வல்கனாக மாற்றும் 'டிஎக்ஸ்விகே' நூலகத்தை எழுதத் தொடங்கினார். 2018 பிப்ரவரி முதல் வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21-இல், வைன், டிஎக்ஸ்விகே இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய 'புரோட்டான்' ஸ்டீமுக்குள் வந்தது. வைனை நெடுங்காலம் வளர்த்துவந்த கோட்வீவர்ஸ் நிறுவனம் இதில் கூட்டாளி. விளையாடுகிறவர் எதையும் அமைக்க வேண்டாம். 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தினால் போதும்.

இப்போது எல்டன் ரிங்கின் திக்கலுக்கு வரலாம். திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளின் மேலும் ஒளி எப்படி விழ வேண்டும் என்று கணக்கிடும் குட்டி நிரலுக்கு ஷேடர் என்று பெயர். அதைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்ற நேரம் பிடிக்கும். கார்டுக்குக் கார்டு அந்தக் கட்டளைகள் வேறுபடுவதால், முன்கூட்டியே மாற்றித் தர விளையாட்டு நிறுவனத்தால் முடிவதில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே புது ஷேடர் தேவைப்பட்டால், மாற்றி முடியும்வரை திரை நிற்கும். ஸ்டீம் டெக் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சில்லு. ஆகவே ஓரிடத்தில் மாற்றி வைத்த ஷேடர்களை ஸ்டீமே எல்லோருக்கும் விளையாட்டோடு சேர்த்து இறக்கிக் கொடுத்துவிடுகிறது. எல்டன் ரிங்கில் இன்னொரு கோளாறும் இருந்தது. சில இடங்களில் கிராபிக்ஸ் நினைவகத்தைத் துண்டு துண்டாக ஆயிரக்கணக்கான முறை ஒதுக்கச் சொல்லித் திணறடித்தது. டைரக்ட்3டி 12-ஐ வல்கனாக மாற்றும் அடுக்கில், ஒருமுறை ஒதுக்கியதை வைத்திருந்து மீண்டும் கொடுக்கும்படி வால்வின் நிரலாளர்கள் திருத்தினார்கள். விளையாட்டின் ஒரு வரியைக்கூட அவர்கள் தொடவில்லை. நடுவில் ஓர் அடுக்கு இருப்பது எப்போதும் சுமைதான் என்று நினைப்போம். அங்கேதான் பழுது பார்க்கவும் இடம் கிடைத்தது.

வேலை இன்னும் ஓயவில்லை. ஒரு விளையாட்டுக்குள் இழைகள் எனப்படும் பல வேலைகள் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று காத்திருந்து ஓடும். பல நிகழ்வுகளுக்காக ஒரே நேரத்தில் காத்திருக்கும் வசதி விண்டோஸில் உண்டு; லினக்ஸில் அதற்கு நேரான வசதி இல்லாமல் இருந்தது. 2022 தொடக்கத்தில் வந்த 5.16 கர்னலில் ஒரு பகுதித் தீர்வும், 2025 மார்ச்சில் வந்த 6.14 கர்னலில் கோட்வீவர்ஸின் எலிசபெத் ஃபிகுரா எழுதிய 'என்டிசிங்க்' என்ற முழுத் தீர்வும் சேர்ந்தன.

புரோட்டானின் விளைவு ஒன்று வியப்பானது. லினக்ஸுக்காகவே பத்தாண்டுக்கு முன் எழுதிய சில விளையாட்டுகள் இன்றைய லினக்ஸில் ஓட அடம்பிடிக்கின்றன. அவை நம்பியிருந்த நூலகங்கள் மாறிவிட்டன. அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் போட்டால் ஓடுகிறது. 'ராக்கெட் லீக்' 2020 மார்ச்சில் தன் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டது. அதன் பிறகும் லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் பதிப்பை வைத்து விளையாடினார்கள். லினக்ஸில் நீண்ட நாள் நிலைக்க வேண்டுமானால் விண்டோஸுக்கு எழுது என்பது நடைமுறையாகிவிட்டது. கட்டற்ற மென்பொருளை நேசிக்கும் எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் பலன் கண்முன் இருக்கும்போது மறுக்க முடியாது. ஆப்பிள் நிறுவனமே 2023-இல் மேக் கணினிகளுக்காக வெளியிட்ட விளையாட்டு மாற்றுக் கருவியில் வைனின் நிரல்தான் இருக்கிறது. ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு நெடுங்காலம் ஒரு சதவீதத்தை ஒட்டியே கிடந்தது. 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது.

தாண்ட முடியாமல் நிற்கும் சுவர் ஒன்று உண்டு. பலர் சேர்ந்து இணையத்தில் மோதும் போட்டி விளையாட்டுகள். அங்கே ஏமாற்றுகிறவர்கள் அதிகம். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டும் நிரலைப் பணம் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களைப் பிடிக்க, விளையாட்டு நிறுவனங்கள் 'ஆன்டி-சீட்' நிரலை விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே இறக்குகின்றன. ரயட் நிறுவனத்தின் 'வேன்கார்டு' அப்படிப்பட்டது. 2024-இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டுக்கும் அது வந்ததும், வைன் வழியாக லினக்ஸில் விளையாடிவந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். வைன் கர்னலுக்கு வெளியே, பயனர் மட்டத்தில் ஓடுவது. விண்டோஸ் கர்னல் டிரைவரை லினக்ஸ் கர்னலுக்குள் அதனால் நுழைக்க முடியாது, நுழைக்கவும் கூடாது. 'ஈஸி ஆன்டி-சீட்', 'பேட்டில்ஐ' என்ற இரண்டு பெரிய ஆன்டி-சீட் நிரல்கள் புரோட்டானிலும் இயங்க 2021 செப்டம்பரில் வழி செய்யப்பட்டது. ஆனால் அனுமதிப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் கையில். அனுமதி கொடுத்திருந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்', லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் 31-இல் கதவை மூடியது. 'ஃபோர்ட்நைட்' கதவைத் திறக்கவே இல்லை.

நிறுவனங்களின் அச்சம் பொய்யல்ல. லினக்ஸ் கர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் ஏமாற்றுகிறவனுக்கும் உண்டு. ஆனால் ஒரு விளையாட்டுக்காக என் கணினியின் ஆழம்வரை சாவி கேட்பதை நான் ஏற்கவில்லை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கர்னல் டிரைவரில் நேர்ந்த ஒரு பிழையால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் நின்றன. கர்னலுக்குள் விடும் எந்த மூடிய நிரலுக்கும் அந்த ஆபத்து உண்டு. விளையாட்டை நடத்தும் சர்வரிலேயே ஏமாற்றைக் கண்டுபிடிப்பது செலவு பிடிக்கும் வழி. ஆனால் அதுவே நேர்மையான வழி.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை, விளையாட்டு நிறுவனங்களிடம் அதிகபட்சம் 12 சதவீதம்தான் எடுக்கிறது. லினக்ஸுக்கு மட்டும் செயலி தரவில்லை. 'ஹீரோயிக்' என்ற கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். அதன் வழியே எபிக்கிலும் ஜிஓஜி என்ற இன்னொரு கடையிலும் வாங்கியவற்றை லினக்ஸில் ஓட்டலாம். அதற்கும் அடிப்படை வைனும் புரோட்டானும்தான். வால்வ் செலவழித்துச் செய்த வேலையைப் போட்டிக் கடைகளின் வாடிக்கையாளரும் பயன்படுத்த முடிகிறது, ஏனென்றால் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நாளை வால்வ் மனம் மாறினாலும் அதை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

வாங்கிய விளையாட்டுக்கு அந்த உறுதி இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் 'தி க்ரூ' விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியதும், பணம் கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட விளையாட முடியாமல் போனது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: வாடிக்கையாளர் பெறுவது உரிமம் மட்டும்தான் என்றால், 'வாங்கு' என்று விற்கும் டிஜிட்டல் கடை அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பை வைத்துவிட்டது. போலந்தின் சிடி புரொஜெக்ட் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடையில் நிலைமை வேறு. அங்கே பூட்டு இல்லாத நிறுவல் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு கடையின் துணை இல்லாமலே அதை நிறுவலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கணினி உங்கள் வீட்டில் இருந்தால், தூக்கிப்போடுவதற்கு முன் அதில் லினக்ஸை நிறுவிப் பாருங்கள். நீங்கள் விளையாடும் விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று பயனர்களே பதிந்து வைத்திருக்கும் 'புரோட்டான்டிபி' தளத்தில் முதலில் தேடுங்கள். இணையப் போட்டி விளையாட்டு என்றால் அதன் ஆன்டி-சீட் லினக்ஸை விடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே விளையாட்டு ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் கிடைத்தால், பூட்டில்லாத பதிப்பை வாங்குங்கள். வாங்கிய அன்றே நிறுவல் கோப்பை ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.